சோலோ படம்: எனக்கு புடிச்சது அந்த 'கேட்டு' (gate) சீன் மட்டும்தான் (கொஞ்சம் நீளமான ரிவியூ)

முதல்லயே சொல்லிடுறேன், இது புது படம் இல்ல, 2018 மே மாச கடைசில வந்த படம், 'சோலோ: எ ஸ்டார் வார்ஸ் ஸ்டோரி'. அப்போ நம்ம மலேசியாவுல எலெக்‌ஷன் முடிஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு, நோன்பு மாசம் வேற, ஜூன் 1-லேருந்து ஜிஎஸ்டி ஜீரோ ஆகுதுன்னு கடைக்கு கடை அதே பேச்சு, இதுல யாரு போய் விண்வெளி கடத்தல்காரன் படம் பாக்கப் போறா. நான் போனேன். சுங்கை சிப்புட்லேருந்து ஈப்போவுக்கு மோட்டார்ல போனேன், பாதி வழில மழை புடிச்சுக்கிச்சு, நனைஞ்சு போய் அந்த ஏர்கோன்ல ரெண்டே கால் மணி நேரம் நடுங்கிக்கிட்டு பாத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. படம் எப்படின்னு கேட்டவங்ககிட்ட "ஓக்கே லா, பாக்கலாம்"ன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்.

போன வாரம் அக்கா வீட்டுல டிஸ்னி பிளஸ்ல மறுபடியும் பாத்தேன். அக்கா பையனுக்கு பதிமூணு வயசு, இப்போ அவனுக்கு ஸ்டார் வார்ஸ் பைத்தியம் தலைக்கு ஏறியிருக்கு. மச்சான் சோபால, பாட்டி அவங்க சாய்வு நாற்காலில, நானும் பையனும் கீழ பாய்ல. இந்த தடவ படம் வேற மாதிரி தெரிஞ்சுச்சு, அதுக்கு பாதி காரணம் பாட்டி, அத பின்னால சொல்றேன். கதை மொத்தமும் சொல்லிடுவேன், இத்தன வருஷம் ஆன படத்துக்கு ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

ஸ்டார் வார்ஸே பாக்காதவங்களுக்கு: 1977-ல வந்த முதல் படத்துல ஹாரிசன் ஃபோர்ட் ஹான் சோலோன்னு ஒரு கடத்தல்காரனா வருவாரு. ஒரு பார்ல உக்காந்திருப்பாரு, கழுத்து வரைக்கும் கடன், வேகமா போற ஒரு ஓட்ட கப்பல், கூட உடம்பெல்லாம் முடியா ஒரு ஆளு. அவ்வளவுதான். எங்க பொறந்தான், அப்பன் ஆத்தா யாரு, ஒண்ணும் கெடையாது. இருந்தும் அவன் உக்காந்திருக்குற தோரணையிலயே, இவன் நெறைய அடி வாங்கினவன், நெறைய பேர ஏமாத்தினவன்னு நமக்கே புரிஞ்சிடும். நாப்பது வருஷம் கழிச்சு அந்த மிச்சத்த எல்லாம் நாங்க சொல்றோம் வாங்கன்னு கூப்பிட்டு எடுத்த படம்தான் இது.

இந்த மாதிரி கதைக்கு ஸ்பேஸ் ஓபரான்னு பேரு. அதுவே திட்டுறதுக்கு வச்ச பேருதான். 1941-ல வில்சன் டக்கர்னு ஒரு எழுத்தாளர், ரேடியோல ஓடுற அழுவாச்சி தொடர சோப் ஓபரான்னு சொல்லுவாங்க தானே, அத வச்சுக்கிட்டு, அரைச்ச மாவையே அரைக்கிற ராக்கெட் கதைங்களுக்கு இப்படி ஒரு பேர ஒட்டிவிட்டாரு. அப்புறம் அதுவே கௌரவமான பேரா மாறிடுச்சு. அதனால இதுல அரைச்ச மாவு இருக்குன்னு குறை சொல்ல நான் வரல. அனாத திருடன், துரோகம் பண்ற குரு, கடைசி வேல ஒண்ணுன்னு சொல்லி செத்துப்போற கூட்டாளி, பணக்கார வில்லன் பக்கத்துல நிக்கிற பழைய காதலி, எல்லாம் இருக்கட்டும், மாவு இருந்தாத்தான் தோசை. எந்த தோச நல்லா வந்துச்சு, எது கருகிடுச்சுன்னு பாப்போம்.

நல்லா வந்தது முதல் இருபது நிமிஷம். கொரெலியான்னு ஒரு கிரகம், கப்பல் கட்டுற ஊரு, வானம் எப்பவும் சாம்பல் கலருதான். அங்க லேடி ப்ராக்ஸிமான்னு ஒரு பெரிய புழு, நெசமாவே புழு, சாக்கட தண்ணிக்குள்ள கெடக்கும். அனாத பிள்ளைங்க எல்லாம் ஊர்ல திருடிக்கிட்டு வந்து அது கால்ல, சரி அதுக்கு கால் இல்ல, அது முன்னால கொட்டணும். அதுக்கு பதிலா படுக்க ஒரு மூல, வாயில போட ஏதோ கொஞ்சம். ஹானும் கிராங்கிற பொண்ணும் அங்கதான் வளருறாங்க. சிக்கிக்கும்போது ஹான் ஒரு கல்லெடுத்து கண்ணாடிய ஒடச்சு வெயில உள்ள விடுவான், புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, தோலு வெந்து போகும், அந்த கேப்ல தப்பிச்சு ஓடுவாங்க. இதே மாதிரி பிள்ளைங்கள வச்சு திருட விடுற கூட்டத் தலைவன நூறு கதைல பாத்தாச்சு, ஆனா இதுல ஒரு சின்ன விஷயம் புடிச்சுது. அந்த புழுவ யாரும் அரக்கின்னு சொல்லல, எல்லாரும் அதுகிட்ட வேல செய்யுறவங்க மாதிரிதான் பேசுறாங்க. கணக்கு கேக்குது, கொறஞ்சா மொறைக்குது. கங்காணி கதை கேட்டு வளந்தவங்களுக்கு இந்த புழு ஒண்ணும் புதுசா தெரியாது.

அப்புறம்தான் அந்த கேட்டு. ஊர விட்டு போகணும்னா ஏர்போர்ட் மாதிரி ஒரு எடம், ஆயிரம் பேரு வரிசைல, அந்தப் பக்கம் போக பத்திரம் வேணும். இவங்ககிட்ட பத்திரம் இல்ல, கோஆக்ஸியம்னு ஒரு எரிபொருளு சின்ன குப்பில இருக்கு, தங்கத்த விட வெல ஜாஸ்தி. அத அந்த ஆபீசர் பொம்பளகிட்ட லஞ்சமா குடுக்குறாங்க, அது மொகத்துல ஒரு யோசன ஓடுது பாருங்க, ஆச, பயம், சுத்தி யாரும் பாக்குறாங்களான்னு ஒரு பார்வ, அந்த ரெண்டு செகண்டு நடிப்பு இந்த படத்துலயே நல்ல நடிப்புன்னு நான் அடிச்சு சொல்லுவேன், அந்த நடிகை பேரு கூட எனக்கு தெரியாது. கதவு தொறக்குது, ஹான் தாண்டிட்டான், பின்னாலேருந்து ஒரு கை வந்து கிராவ புடிச்சு இழுக்குது, கதவு மூடிக்கிச்சு. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தி.

அதுவரைக்கும் பாட்டி தூங்குறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம். "புடிச்சிட்டான் பாரு, கேட்டுல புடிச்சிட்டான்"ன்னு நிமிந்து உக்காந்துட்டாங்க.

எங்க ஊருக்கு வெளிய இருக்குறவங்களுக்கு இது புரியணும்னா கொஞ்சம் பின்னால போகணும். 1948 ஜூன் 16-ல சுங்கை சிப்புட் பக்கம் எல்பில் ரப்பர் தோட்டத்துலயும் இன்னொரு தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டுட்டாங்க, அதுல ஆரம்பிச்ச அவசரகாலம் 1960 வரைக்கும் இழுத்துச்சு. காட்டுல இருந்து சண்ட போட்ட கம்யூனிஸ்ட்காரங்களுக்கு சோறு போகக் கூடாதுன்னு லயத்த (தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீடுங்கள) சுத்தி முள்ளுக்கம்பி, ஒரே ஒரு கேட்டு, விடியறதுக்கு முன்னால பால் வெட்டப் போற ஆளுங்கள வரிசைல நிக்க வச்சு வாளி, துணி, தலமுடி எல்லாம் தடவி பாத்துதான் விடுவாங்க. அரிசி ரேஷன். கடைல டின் மீன் வாங்கினா கடைக்காரனே அதுல ஓட்ட போட்டுத்தான் குடுக்கணும், அப்போதான் வச்சிருந்து காட்டுக்கு அனுப்ப முடியாது, அன்னிக்கே தின்னுடணும். பாட்டிக்கு அப்போ பத்து வயசு பக்கம். அவங்க கூட நின்ன ஒரு பொண்ணு முந்தானைல கொஞ்சம் அரிசி முடிஞ்சு வச்சிருந்துச்சாம். காட்டுக்கு கொண்டு போறதுக்கு இல்ல, வெட்டு மரத்துக்கிட்ட பசிச்சா மென்னு திங்கறதுக்குத்தான். கேட்டுல புடிச்சு லோரில ஏத்திக்கிட்டு போனாங்க. இந்தக் கதைய பாட்டி எங்களுக்கு நெறைய தடவ சொல்லியிருக்காங்க, ஒவ்வொரு தடவயும் லோரியோட நிறுத்திடுவாங்க.

அதான் எனக்கு படம் இந்த தடவ வேற மாதிரி தெரிஞ்சுச்சு. ஒருத்தன கடத்தல்காரன் ஆக்குறது துப்பாக்கியோ கப்பலோ கெடையாது, கேட்டுதான். சாதாரணமா போக வேண்டிய வழில ஒரு கேட்ட போட்டு பத்திரம் கேட்டா, பத்திரம் இல்லாதவன் எல்லாம் அன்னிலேருந்து கடத்தல்காரன், அவன் தூக்கிட்டு போறது ஒரு கை அரிசியா இருந்தாலும். இந்த படம் அத தெரிஞ்சு எடுத்துச்சா தெரியாம எடுத்துச்சான்னு தெரியல, ஆனா கேட்டு பக்கத்துல நிக்கிற வரைக்கும் படம் உயிரோட இருக்கு.

அடுத்த சீனு. இதுக்குத்தான் உலகம் பூரா ரசிகனுங்க கழுவி கழுவி ஊத்துனாங்க. தப்பிக்க வேற வழியில்லாம ஹான் அங்கயே எம்பயரோட, அதாவது அந்த விண்வெளிய ஆளுற கொடுங்கோல் ஆட்சியோட, பட்டாளத்துல சேரப் போறான், ஆபீசர் பேரு கேக்குறாரு, ஹான்னு சொல்றான், முழுப்பேரு என்னன்னு கேட்டா இல்ல, உன் ஜனங்க யாருன்னு கேட்டா யாரும் இல்ல, தனி ஆளுன்னு சொல்றான். ஆபீசர் ஒரு நிமிஷம் யோசிச்சு 'சோலோ'ன்னு தட்டி விட்டுடுறாரு. இவ்வளவு பெரிய ஹீரோவுக்கு பேரு இப்படியா வரும், இதெல்லாம் யாரு கேட்டான்னு திட்டு. 2018-ல நானும் தியேட்டர்ல சிரிச்சேன்.

இப்போ சிரிப்பு வரல. எங்க தாத்தாவும் அவரு தம்பியும் ஒரே அப்பனுக்கு பொறந்தவங்க, ஐசில (அடையாள அட்டைல) ரெண்டு பேருக்கும் அப்பா பேரு வேற வேற. தாத்தாவோட ஐசில ராமசாமி, தம்பியோட ஐசில ராமாயி, அப்பாவ அம்மா ஆக்கிட்டானுங்க. தோட்டத்து கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி செக்ரோல்ல, அதான் ஆளு கணக்கு புத்தகத்துல, எழுதினாரு, செக்ரோல்ல இருந்தது அப்படியே பத்திரத்துக்கு போச்சு, பத்திரத்துல இருக்குறது இப்போ என் பேருக்கு பின்னாலயும் நிக்குது. நம்ம பாக்கெட்ல இருக்குற ஐசியே அந்த 1948 அவசரகாலத்துல கொண்டு வந்ததுதானே. அதுலயும் விட்டுப்போனவங்க எத்தன பேரு, பொறப்பு பத்திரம் இல்லாம, பள்ளிக்கூடம் சேர முடியாம, 2011-ல அரசாங்கமே மைடஃப்தார்னு ஒண்ணு ஆரம்பிச்சு நம்ம ஆளுங்கள தேடி பதிய வேண்டியிருந்துச்சு. மேசைக்கு பின்னால உக்காந்திருக்குற எவனோ ஒருத்தன் அவசரத்துல எழுதினது நம்ம பேரா நிக்கும்னு அமெரிக்காக்காரனுக்கு நம்ப முடியலன்னா அவன் குடுத்து வச்சவன்.

ஆனா சீன் எடுத்த விதத்துல குறை இருக்கு, அதையும் சொல்லணும். அந்த ஆபீசர் பேர தட்டுறதுக்கு முன்னால ஒரு கேப் விடுறாரு பாருங்க, அப்போ டைரக்டர் நம்மள பாத்து கண்ணடிக்கிற மாதிரி இருக்கு. கிராணி எந்த காலத்துல யோசிச்சாரு? தல நிமிராம எழுதிட்டு அடுத்தவன கூப்பிட்டிருக்கணும்.

இதுக்கு அப்புறம்தான் படம் சாமான் பொறுக்க ஆரம்பிக்குது. அந்த துப்பாக்கி எப்படி வந்துச்சு? பெக்கெட்னு ஒரு பழைய கடத்தல்காரன் ஒரு ரைஃபிள கழட்டி மாட்டி தூக்கி போடுறான், இந்தா புடி. முடியாண்டி சூபாக்கா எப்படி கூட சேந்தான்? சேத்து குழில ரெண்டு பேரும் சண்ட போட்டாங்க, சேந்துட்டாங்க. அவனுக்கு நூத்தி தொண்ணூறு வயசுன்னும் பின்னால கப்பல்ல சொல்லிடுறாங்க. தங்க கலர் தாயக்கட்ட? வந்தாச்சு. கப்பலுக்கு முன்னால ஏன் அப்படி ஒரு பெளவு? அங்க இருந்த தப்பிக்கிற சின்ன கப்பல கழட்டி விட்டுட்டாங்களாம். பன்னெண்டு பார்செக்? அதுவும். எனக்கு புரியாதது என்னன்னா ஒருத்தனோட பேரு, துப்பாக்கி, சிநேகிதன், கப்பல், வாழ்க்க பூரா சொல்லிக்கிட்டு திரியப்போற ஒரே பெருமை, இதுல முக்காவாசி ஒரே வாரத்துல கெடச்சிடுச்சாம், அப்போ மிச்ச வருஷமெல்லாம் அவன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்? கல்யாணத்துக்கு மொய்ப்பணம் வர மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து விழுது.

பார்செக் விஷயத்த மட்டும் கொஞ்சம் வெளக்கிடுறேன், அக்கா பையன் படத்த நிறுத்தி நிறுத்தி கேட்டான். பார்செக்கிங்கிறது நேரம் இல்ல, தூரம், ஒண்ணு கிட்டத்தட்ட 3.26 ஒளியாண்டு. 1977 படத்துல ஹான் என் கப்பல் பன்னெண்டு பார்செக்குக்கு உள்ளயே ஓடி முடிச்சுதுன்னு பீத்துவான், அது ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டருக்குள்ளயே போயிட்டேன்னு சொல்ற மாதிரி, என்னடா பெரும இதுன்னு நாப்பது வருஷமா கிண்டல். இந்த படத்துல அத சரி கட்டுறாங்க. கெஸல்ங்கிற எடத்துலேருந்து வெளிய வர பாதுகாப்பான வழி இருபது பார்செக், இவன் எல்லாத்தையும் இழுத்து முழுங்குற ஒரு பாதாள குழி ஓரமா குறுக்க பூந்து தூரத்த கொறச்சிட்டான், அதுவும் பன்னெண்டுன்னு சொல்றதே கொஞ்சம் கொறச்சு சொல்றதுதான்னு கூட இருக்குறவனே முணுமுணுக்கிறான். தப்ப சரியாக்குற வேலைய பாராட்டலாம், அந்த சேஸ் சீனும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கடத்தல்காரன் ஒருத்தன் பார்ல உக்காந்து உளறினத பொய்யின்னே விட்டிருந்தா என்ன? நம்ம ஊரு லோரிக்காரங்க பேச்ச கேட்டிருக்கீங்களா, தெற்கால ஜொகூர்ல இருக்குற சிம்பாங் ரெங்கத்துலேருந்து ரெண்டு மணி நேரத்துல வந்தேன்னு சொல்லுவாங்க, யாராவது மேப் எடுத்து சரி பாப்போமா?

கொள்ள சீன். பனி மல, ரயில், கோஆக்ஸியம் டப்பா. பெக்கெட்டோட கூட்டத்துல அவன் பொண்டாட்டி மாதிரி வால்னு ஒரு பொண்ணு, நாலு கை உள்ள ரியோன்னு ஒரு பைலட்டு. இவங்க நெருப்ப சுத்தி உக்காந்து சிரிச்சு பேச ஆரம்பிச்ச உடனே மச்சான் "முடிஞ்சுது, ரெண்டு பேரும் காலி"ன்னாரு. அடுத்த பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் காலி. தமிழ் படத்துல சிநேகிதன் பர்ஸ தொறந்து தங்கச்சி போட்டோவ காட்டினா என்ன ஆகும்னு நமக்கு தெரியாதா. பெக்கெட் இந்த வேல முடிஞ்சதும் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்க கத்துக்கப் போறேன்னு ஆசயா சொல்லுவான், பாவம், அவனுக்கும் அப்போவே தேதி குறிச்சாச்சு. வால் சாகுற விதம்தான் எனக்கு வயித்தெரிச்சல். அந்த பொண்ண பத்தி நமக்கு ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாலயே பாலத்தோட சேத்து வெடிக்க விட்டுட்டாங்க, பெக்கெட் ஒரு ராத்திரி அழுதான், காலைல அடுத்த வேல.

இன்னொரு பக்கம் ஹானுக்கும் சூபாக்காவுக்கும் கப்பலோட பழைய சொந்தக்காரன் லேண்டோவுக்கும் கப்பலுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு டிக்கெட் வாங்குறப்போவே தெரியும், 1977 படத்துலயும் அதுக்கு அப்புறமும் வராங்களே. முன்கதைன்னு எடுத்தாலே இந்த வினைதான். நாலு பேருக்கு ஆயுள் இன்சூரன்ஸ் போட்டுட்டு மிச்சம் இருக்குறவங்கள வச்சு நம்மள பயமுறுத்தணும்.

கெஸல் சுரங்க சீன் எங்க வீட்டுல நல்லா எடுபட்டுச்சு. அடிமைங்க வேல செய்யுற சுரங்கம், அங்கேருந்து சுத்தம் பண்ணாத கோஆக்ஸியத்த திருடணும், அதுல சிக்கல் என்னன்னா பச்ச கோஆக்ஸியம் சூடு ஏறினா வெடிச்சிடும், நேரத்துக்குள்ள சுத்தம் பண்ற எடத்துக்கு கொண்டு போயாகணும். இத பாட்டிக்கு நான் எப்படி சொல்லி புரிய வச்சேன்னு நெனக்கிறீங்க? "பாட்டி, அது கித்தாப்பாலு மாதிரி, ஒறையறதுக்குள்ள ஸ்டோருக்கு போகணும்"ன்னேன். உடனே புரிஞ்சிடுச்சு. பால் வெட்டினவங்க வீட்டுல பொறந்தவங்களுக்கு தெரியும், மங்குல சேந்த பால எடுத்து வாளில ஊத்தி, வெயில் ஏறுறதுக்குள்ள ஓடணும், லேட்டாச்சுன்னா அமோனியா ஊத்தினாலும் சில நேரம் தாங்காது, ஒறைஞ்சு போனா ஒட்டுப்பால் வெலதான். அந்த ஒட்டுப்பால திருடி டவுன்ல விக்கிற ஒரு அண்ணன் எங்க லயத்துலயே இருந்தாரு. சைக்கிள் பின்னால சாக்கு, மேல புல்லு, மாட்டுக்கு புல்லறுத்துக்கிட்டு போறேன்னு சொல்லுவாரு, அவருகிட்ட மாடே கெடையாது. ஹான் ஒவ்வொரு தடவயும் ஆபீசர்கிட்ட வாயாலயே சமாளிக்க பாத்து மாட்டிக்கிறப்போ எனக்கு அந்த அண்ணன் ஞாபகம்தான்.

எல்-த்ரீன்னு ஒரு ரோபோ பொண்ணு வருது, லேண்டோவோட கப்பல்ல வழி காட்டுற வேல. வாயத் தொறந்தா ரோபோங்களுக்கு உரிமை வேணும்னுதான் பேசும், சுரங்கத்துல அத்தன ரோபோவையும் அவுத்து விட்டு கலவரமே பண்ணிடுது. சங்கத்துக்கு சந்தா கட்டின வீட்டுல வளந்தவனுக்கு புடிக்காம போகுமா, நான் கை தட்டினேன். அதுக்கு அப்புறம் அத சுட்டுடுறாங்க, சரி, தியாகின்னு விட்டிருக்கலாம். வழி தெரியணும்னு அதோட மூளைய புடுங்கி கப்பல் கம்ப்யூட்டர்ல சொருகிடுறாங்க. இனிமே காலம் பூரா அது கப்பலோட பாகம். விடுதல விடுதலன்னு கத்தினவள கேக்காம கொள்ளாம மிஷின்ல பூட்டியாச்சு, படம் அத ஒரு சோகமான அழகுன்னு நெனச்சு மியூசிக் போடுது. எழுதினவங்களுக்கு ஒரு நிமிஷம் கூடவா உறுத்தல? லாரன்ஸ் காஸ்டனும் அவரு பையன் ஜோனத்தன் காஸ்டனும் எழுதினது, அப்பா காஸ்டன் 1980 ஸ்டார் வார்ஸ் படத்துலயே வேல செஞ்ச கை, அவருக்கு தெரியாததா.

லேண்டோவா நடிச்ச டொனால்ட் க்ளோவர் நல்லா பண்ணியிருக்காரு, ஒரு அலமாரி நெறைய போர்வ மாதிரி சால்வைங்க வச்சிருக்காரு, அந்த ஒரு ஷாட்டுலயே ஆளு யாருன்னு தெரிஞ்சிடுச்சு. ஹானா வர ஆல்டன் எரன்ரைக்க எல்லாரும் திட்டுனாங்க, ஹாரிசன் ஃபோர்ட் மாதிரி இல்லன்னு. இல்லதான். ஆனா இருபது வயசுல நம்மளும் இப்போ இருக்குற மாதிரியா இருந்தோம்? எனக்கு அவர பத்தி குறை இல்ல.

என்ஃபிஸ் நெஸ்ட் பத்தி சொல்லாம விட முடியாது. படம் பூரா முகமூடி போட்டுக்கிட்டு கொள்ளக்காரக் கும்பலா வந்து இவங்க திருடினத புடுங்க பாக்குறவங்க, கடைசில முகமூடிய கழட்டினா சின்ன பொண்ணு, மொகமெல்லாம் புள்ளி புள்ளியா. பெக்கெட்டுக்கு இந்த திருட்டு வேலயெல்லாம் குடுக்குற மாஃபியா கும்பல்தான் இவங்க ஊரையே அழிச்சிருக்கு, அதுக்கு எதிரா சண்ட போடுறவங்க இவங்க. கொள்ளக்காரன்னு நெனச்சவன் போராளி, இதுவும் பழைய திருப்பம்தான். ஆனா எங்க ஊர்ல இருந்துக்கிட்டு அத பாக்கும்போது வெறும் திருப்பமா தெரியாது. அவசரகாலத்துல வெள்ளைக்காரன் அவன் பேப்பர்ல எல்லாம் கொள்ளக்காரங்கன்னுதான் எழுதினான், 1952-லதான் கம்யூனிஸ்ட் பயங்கரவாதிங்கன்னு பேர மாத்தினான். லயத்துல இருந்தவங்களுக்கு ரெண்டு பக்கமும் பயம். ராத்திரி காட்டுலேருந்து வந்து அரிசி கேப்பான், குடுக்கலன்னா அவன் சும்மா விடமாட்டான், குடுத்தா காலைல கேட்டுல நிக்கிறவன் சும்மா விடமாட்டான். அதனால படத்துல அந்த பொண்ணு முகமூடிய கழட்டின உடனே எல்லாருக்கும் மனசு மாறி, நல்லவங்க பக்கம் சேந்து, சொகமா முடியறத பாக்கும்போது எனக்கு கொஞ்சம் கடுப்பாத்தான் வந்துச்சு. அவ்வளவு லேசா அது. ஹான் மட்டும் கூட வரலன்னு சொல்லிட்டு கழண்டுக்கிறான், அது சரியான எடம், அவனுக்கு இன்னும் நேரம் வரல.

முடிவு வேகமா. எல்லாரும் உன்ன ஏமாத்துவாங்கன்னு நெனச்சுக்கோன்னு பாடம் சொன்ன பெக்கெட்டே ஏமாத்துறான், மச்சானுக்கு முதல் மணி நேரத்துலயே தெரிஞ்சிடுச்சு. அவன் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஹான் சுட்டுடுறான். முதல் படத்துல ஹான்தான் முதல்ல சுடுவான், 1997-ல மறுபடி ரிலீஸ் பண்ணப்போ எதிராளி முதல்ல சுடுற மாதிரி மாத்திட்டாங்க, அதுலேருந்து ரசிகனுங்க அழுதுக்கிட்டே இருந்தாங்க, அதுக்கு இங்க மருந்து போட்டிருக்காங்க. இந்த ஒண்ணு மட்டும் சாமான் பொறுக்குற வேலயா தெரியல, ஆளு மாறினது அந்த ஒரு வெடில தெரியுது. அப்புறம் டார்த் மால்னு கொம்பு வச்ச வில்லன் திடீர்னு வருவான், 1999 படத்துலயே ரெண்டு துண்டா வெட்டி போட்ட ஆளு. "இவன் செத்துட்டான் தானே"ன்னு மச்சான் கத்துனாரு. கார்ட்டூன் தொடர்ல திரும்ப வந்துட்டான்னு பையன் சொன்னான். படம் பாக்க ஹோம்வொர்க் பண்ணணும்னா எப்படி லா?

படம் ஏன் இப்படி ரெண்டு மனசா இருக்குன்னா காரணம் இருக்கு. ஃபில் லார்ட், கிறிஸ்டஃபர் மில்லர்னு ரெண்டு பேரு டைரக்ட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2017 ஜூன்ல பாதி ஷூட்டிங்குக்கு மேல ஆனப்புறம் தூக்கிட்டு ரான் ஹோவார்ட கொண்டு வந்தாங்க, அவரு நெறைய சீன திரும்ப எடுத்தாரு, செலவு 25 கோடி டாலர தாண்டிடுச்சுன்னு பேச்சு, வசூல் உலகம் பூரா 39 கோடி சொச்சம்தான், விளம்பரம் தியேட்டர் பங்கு எல்லாம் போனா கைய கடிச்சிடுச்சு. அதுக்கு முந்தின ஸ்டார் வார்ஸ் வந்து அஞ்சு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்துச்சுங்கிறதும் ஒரு காரணம். ரெண்டாவது படம் வர மாதிரி முடிச்சு வச்சிருக்காங்க, வரவே இல்ல.

வீட்டுல பாக்கப் போறவங்களுக்கு ஒரே எச்சரிக்க. படம் ரொம்ப இருட்டு. பிராட்ஃபோர்ட் யங் கேமரா, வேணும்னே அப்படி எடுத்திருக்காரு, ஜன்னல்லேருந்து வர வெளிச்சத்துல பாதி மொகம் மட்டும் தெரியும், தியேட்டர்ல அழகு. மத்தியானம் கர்ட்டன் இல்லாத ஹால்ல போட்டீங்கன்னா டிவில உங்க மொகம்தான் தெரியும். நாங்க மூணு மணிக்கு போட்டுட்டு நிறுத்தி, ராத்திரி சாப்பிட்டுட்டு லைட்ட அணைச்சுட்டு மறுபடி போட்டோம். சிங்க் கூரையா இருந்து மழையும் பெஞ்சா சப்டைட்டில் போட்டுக்கோங்க, பெக்கெட் பேசுறது பாதி வாய்க்குள்ளயே போகுது.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். முதல் இருபது நிமிஷத்துக்கு மட்டும் நாலரை.

கிரா விஷயம் ஒண்ணு பாக்கி. மூணு வருஷம் கழிச்சு ஹான் அவள திரும்ப பாக்குறான், நல்ல துணி, நல்ல நக, அந்த மாஃபியா தலைவன் ட்ரைடன் வாஸுக்கு வலது கை. எமிலியா கிளார்க் சிரிக்கும்போது கூட கண்ணு சிரிக்கல, நல்லா பண்ணியிருக்காங்க. கேட்டுல புடிச்சதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, யாரு வாங்கினா, என்ன செய்ய வச்சாங்க, ஒண்ணுமே படம் சொல்லல, ஹான் கேட்டாலும் அவ மழுப்பிடுறா. தாயக்கட்டைக்கு கூட கதை சொன்ன படம் இத மட்டும் சொல்லாம விட்டுடுச்சு. கடைசில அவ தலைவனையே கொன்னுட்டு, ஹான கீழ விட்டுட்டு, அதே கும்பலுக்கு மேல ஏறி போயிடுறா.

பாட்டி இதெல்லாம் பாக்கல, சுரங்க சீனோட தூங்கிட்டாங்க, அக்காதான் போர்வ போத்திவிட்டா. மறுநாள் காலைல நான் கெளம்புறப்போ வாசல்ல உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டு இருந்தாங்க, என்ன கூப்பிட்டு "ஏன்டா, அந்த கேட்டுல புடிச்சாங்களே, அந்த புள்ள வெளிய வந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

"வந்துட்டா பாட்டி, பெரிய ஆளாயிட்டா"ன்னேன்.

கொஞ்ச நேரம் இடிச்சாங்க. "யாரு காசு கட்டினது?"ன்னாங்க.